‘டொக்’ சத்தத்துக்குப் பிறகு: மூட்டு விலகலுக்கு மயக்கம் கொடுக்கப் பழகும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கேஷுவல்டிக்குக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். ஊர்க் கபடியில் விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தொட்டால் கத்தினார்.

தூக்கம் வரவைக்கும் மிடசோலம் 2 மி.கி. போட்டோம். கத்தல் குறையவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இன்னொரு 2. அப்புறம் வலிக்கு ஃபென்டனில். அதற்கும் மசியாததால் மறுபடி கொஞ்சம் மிடசோலம். எலும்பு டாக்டர் கையைப் பிடித்து நிதானமாக இழுத்தார். ‘டொக்’. தோள் உள்ளே போனது. எல்லோருக்கும் நிம்மதி. அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எக்ஸ்ரே சீட்டு எழுதப் போனார். நான் கை தொட்டில் கட்டத் துணி எடுக்கத் திரும்பினேன். நோயாளி நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மைத்துனர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தார். “இப்பத்தான் சார் குறட்டை நின்னுச்சு, மச்சான் நல்லாத் தூங்கிட்டாரு” என்றார் சந்தோஷமாக.

திரும்பிப் பார்த்தால் நெஞ்சு அசையவில்லை. உதடு கறுத்துக்கொண்டிருந்தது. தாடையைத் தூக்கி, கையால் அமுக்கிக் காற்று ஏற்றும் ஆம்பு பேக்கை வைத்து, இரண்டு மூன்று நிமிடம் நாங்கள்தான் அவருக்காக மூச்சு விட்டோம். பிழைத்துக்கொண்டார். காலையில் காபி குடித்துவிட்டு, எங்களுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு நன்றி என்று அவருக்கும் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

அன்றைக்கு நடந்தது என்ன? தோள் வெளியே இருந்த வரை அந்த வலிதான் அவருடைய மூச்சை ஓட்டிக்கொண்டிருந்தது. வலி ஒரு பெரிய தூண்டல். மருந்து உள்ளே ஏறிக்கொண்டே இருந்தாலும், வலி அவரை உலுக்கி எழுப்பிக்கொண்டே இருந்தது. மூட்டு உள்ளே போன அந்த நொடியில் வலி போய்விட்டது. அவசரப்பட்டு அடுக்கடுக்காகப் போட்ட மருந்தெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் உச்சத்துக்கு வந்து சேர்ந்தது. இழுக்கும்போது நாங்கள் ஐந்து பேர் அவரைச் சுற்றி நின்றோம். ஆபத்து வந்தபோது மைத்துனர் ஒருவர்தான்.

இந்தக் கட்டுரையில் எந்தப் படியைப் படித்தாலும் இதை மனதில் வைத்துப் படியுங்கள். இங்கே கொடுத்திருக்கும் மருந்து அளவுகள் பெரியவர்களுக்கானவை, சீனியர் ஒருவர் கூட நிற்கிறார் என்ற கணக்கில் எழுதியவை. உங்கள் மருத்துவமனையின் நெறிமுறை வேறாக இருந்தால் அதுதான் செல்லும்.

முதல் கேள்வி: மயக்கம் வேண்டுமா?

தோள் விலகல் என்றாலே மயக்கம் என்று கை தானாக மருந்துப் பெட்டிக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விலகும். அதில் பலதை மயக்கமே இல்லாமல் உள்ளே போட்டுவிடலாம்.

ஒரு வழி, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னை மூட்டுக்குள்ளேயே போடுவது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது 2 சதவீத வயல் (மருந்துக் குப்பி). அதில் 10 மி.லி. எடுத்து, 10 மி.லி. சலைன் கலந்தால் 1 சதவீதத்தில் 20 மி.லி. ஆகிவிடும். தோளின் மேல்புற எலும்பு விளிம்புக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கீழே, புஜ எலும்பின் பந்து இல்லாமல் குழிந்து கிடக்கும் இடத்தில், வெளிப்பக்கத்திலிருந்து ஊசியைச் செலுத்த வேண்டும். பின்னால் இழுத்துப் பார்த்தால் மூட்டில் தேங்கிய ரத்தம் கொஞ்சம் வரும். அதை உறிஞ்சிவிட்டு மெதுவாக மருந்தைச் செலுத்துங்கள். அதன்பின் 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் ஐந்தாவது நிமிடத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு “இது வேலை செய்யாது” என்று சொல்லிவிடுகிறோம். சரியாகச் செய்தால் மயக்க ஊசிக்கு ஏறத்தாழ இணையாகவே பலன் தரும். நோயாளியும் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கன்னிங்ஹாம் முறை. நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, அவர் கையை உங்கள் தோள்மீது தளர்வாக வைக்கச் சொல்லி, கழுத்தோரத் தசை, தோள் தசை, புஜத்தின் முன்தசை என்று வரிசையாகப் பிசைந்துகொண்டே பேச்சுக் கொடுப்பது. இழுப்பே கிடையாது. பொறுமை உள்ள நோயாளி, பொறுமை உள்ள டாக்டர் இரண்டும் அமைந்தால் அருமையாக வேலை செய்யும். அடிக்கடி தோள் இறங்குகிறவர் வந்தால் “போன தடவை எப்படிப் போட்டாங்க?” என்று அவரையே கேளுங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இடுப்பு விலகல் அப்படியில்லை. அங்கே தசைகள் தடிமன். ஆழமான மயக்கம் இல்லாமல் அசைக்க முடியாது.

மருந்தைத் தொடும் முன் மூட்டைப் பாருங்கள்

தோளின் வெளிப்பக்கத்தில், ராணுவச் சீருடையில் பேட்ஜ் தைக்கும் இடம் இருக்கிறதே, அங்கே பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். அது அக்சிலரி நரம்பின் இடம். மணிக்கட்டில் நாடி, விரல்களின் அசைவு இரண்டையும் பாருங்கள். பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள். மயக்கம் கொடுத்த பிறகு உணர்ச்சி இல்லை என்று கண்டுபிடித்தால், விழுந்ததில் போனதா, நாம் இழுத்ததில் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே எடுங்கள். புஜ எலும்பின் கழுத்தில் முறிவு இருந்தால் கேஷுவல்டியில் இழுக்கக் கூடாது. அது எலும்பு டாக்டரின் வேலை, ஆபரேஷன் தியேட்டரில் நடக்க வேண்டியது. வலிப்பு வந்தவர், கரண்ட் ஷாக் அடித்தவர் என்றால் தோள் பின்பக்கமாக விலகியிருக்கலாம். நேர்ப்படத்தில் அது ஏமாற்றும், பக்கவாட்டுப் படமும் கேளுங்கள்.

கணுக்கால் மட்டும் விதிவிலக்கு. எலும்பு உள்ளிருந்து முட்டித் தோல் வெளுத்துப் போயிருந்தாலோ, பாதத்தில் நாடி இல்லாவிட்டாலோ படத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

நோயாளியைப் பாருங்கள்

வழக்கமான கேள்விகள்: ஒவ்வாமை, தினசரி மாத்திரை, பழைய நோய்கள், முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதாவது தொந்தரவு, கடைசியாக எப்போது சாப்பிட்டார். இதோடு மனைவியிடம் ஒரு கேள்வி தனியாகக் கேளுங்கள்: “ராத்திரி குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நின்னு நின்னு வருமா?” நோயாளியைக் கேட்டால் “இல்ல சார்” என்பார். மனைவி சிரித்துக்கொண்டே முழுக்கதையும் சொல்வார். அந்தக் கதை உள்ளவருக்கு மருந்து பாதி, கவனம் இரட்டிப்பு.

பிறகு காற்றுப்பாதை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்குப் பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். கழுத்தை நிமிர்த்த முடிகிறதா? கழற்றும் பல் செட் இருக்கிறதா? அடர்ந்த தாடி உண்டா? இந்தக் கேள்விகளின் உண்மையான அர்த்தம் ஒன்றுதான்: இவர் மூச்சை நிறுத்தினால் மாஸ்க் வைத்து என்னால் காற்று ஏற்ற முடியுமா? ‘சந்தேகம்தான்’ என்று தோன்றினால் மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டதற்காக யாரும் யாரையும் திட்டியதில்லை. திட்டினாலும் பரவாயில்லை.

சாப்பாட்டு விஷயம்தான் புதியவர்களைக் குழப்புவது. “எட்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டேன் சார், இப்ப பத்து.” முன்கூட்டித் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குத் தெளிவான திரவம் 2 மணி நேரம், லேசான உணவு 6, எண்ணெயும் இறைச்சியுமாக இருந்தால் 8 என்று விதி. அவசரப் பிரிவுக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம் என்பது இப்போதைய நடைமுறை. சாப்பிட்ட நேரத்தை மட்டும் காரணம் காட்டி மயக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி 2014-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடலாம் என்று அர்த்தமில்லை. மூட்டின் அவசரத்தை ஒரு தட்டிலும் வயிற்றை இன்னொரு தட்டிலும் வைத்துப் பாருங்கள். பாதத்தில் நாடி இல்லையா, பிரியாணியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இடுப்பு விலகலா, 6 மணி நேரத்துக்குள் உள்ளே போட்டாக வேண்டும், இல்லையென்றால் தொடை எலும்பின் தலை ரத்தமின்றிச் சாகும் வாய்ப்பு ஏறும். நரம்பும் நாடியும் நன்றாக இருக்கிற தோள் என்றால் வலிக்கு மருந்து கொடுத்து, முதலில் அந்த லிக்னோகெய்ன் வழியை முயன்று பாருங்கள்.

குடித்துவிட்டு வருபவர் தனி ரகம். சனிக்கிழமை ராத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாராயமும் மிடசோலமும் ஒரே திசையில் இழுக்கும் இரண்டு மாடுகள். தலையில் அடி இருக்கிறதா என்ற சந்தேகமும் கூடவே வரும், சம்மதம் வாங்குவதும் சிக்கல். தோள் மட்டும்தான் பிரச்சினை என்றால், தெளியும் வரை கையைத் தாங்கலாகக் கட்டி வைத்திருப்பதில் தவறே இல்லை.

எடையைக் கேளுங்கள். முடிந்தால் எடை மெஷினில் நிற்க வையுங்கள். “பார்த்தா ஒரு எழுபது இருப்பாரு” என்ற கணக்கில் மருந்து போடாதீர்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், நடக்கப்போவதைச் சொல்லுங்கள். “அண்ணே, ஊசி போட்டதும் தூக்கம் மாதிரி வரும். நாங்க கூப்பிட்டா காதுல விழலாம். முழிச்சதும் கை சரியாயிருக்கும். வாந்தி வரலாம், மூச்சு கொஞ்சம் மந்தமாகலாம். அதைப் பார்த்துக்க நான் பக்கத்துலயே நிக்கிறேன்.” கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள்.

ஆட்கள்: குறைந்தது மூன்று பேர்

மூட்டை இழுப்பவர் ஒருவர். மயக்கம் கொடுப்பவர் இன்னொருவர். மருந்து எடுத்துத் தரவும் பதிவு எழுதவும் ஒரு சிஸ்டர். இழுப்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வது என்பது வண்டி ஓட்டிக்கொண்டே செல்ஃபி எடுப்பது மாதிரி. மயக்கம் கொடுப்பவர் நீங்கள் என்றால், “தம்பி, இந்தக் கையைக் கொஞ்சம் பிடி” என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். முதல் முறை மறுக்கக் கூச்சமாக இருக்கும். நான் “தலைமாட்டை விட்டு நகர மாட்டேன் சார்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கருவிகள்: இருக்கிறதா என்று கேட்காதீர்கள், தொட்டுப் பாருங்கள்

“சக்‌ஷன் இருக்கா சிஸ்டர்?” “இருக்கு சார்.” இந்த உரையாடல் எதையும் நிரூபிக்காது. சுவிட்சைப் போட்டு, குழாய் முனையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், தோலைக் கவ்வ வேண்டும். பிறகு அதைத் தலையணைக்கு வலப்பக்கத்தில் செருகி வையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் என்றால் சாவி எங்கே, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆம்பு பேக்கின் வாயைக் கையால் அடைத்து அமுக்குங்கள், காற்று ஒழுகக் கூடாது. மாஸ்க் அளவு சரியா என்று நோயாளி முகத்தில் வைத்தே பார்த்துவிடுங்கள். நாக்கு அடைக்காமல் காற்றுக்கு வழிவிடும் வாய்வழி, மூக்குவழி ஏர்வேக்கள், தொண்டையைப் பார்க்க எரிகிற பல்ப் உள்ள லாரிங்கோஸ்கோப், மூச்சுக்குழாயில் போடும் டியூப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிராலியின் தலைப்பக்கம் இறங்குமா, சக்கரப் பூட்டு பிடிக்குமா? வாந்தி எடுக்கும்போதுதான் இதெல்லாம் தெரியவரும் என்றால் காலம் கடந்துவிட்டது.

தோள் விலகலில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நல்ல கை ஒன்றுதான். மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியும் அதில், பி.பி. கஃப்பும் அதில், ஆக்சிஜன் பார்க்கும் விரல் புரோபும் அதில் என்று மாட்டிவிடுவோம். கஃப் உப்பும்போது மருந்து மேலே ஏறாமல் நிற்கும், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எண்ணும் காணாமல் போகும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று அடுத்த டோஸ் போடுவோம். கஃப் தளர்ந்ததும் இரண்டும் சேர்ந்து பாயும். அதனால் கஃப்பைக் காலில் சுற்றுங்கள். நல்ல கையில் வென்ஃப்ளானும் புரோபும் மட்டும். அடிபட்ட கையில் எதையும் மாட்டாதீர்கள், அதைத்தான் இழுக்கப்போகிறோம்.

மானிட்டரின் ‘பீப்’ சத்தத்தை ஏற்றி வையுங்கள். சாச்சுரேஷன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும். கண் வேறு எங்காவது போனாலும் காது பிடித்துவிடும்.

மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். காரணம் இது: மருந்துக்கு முன் மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் நுரையீரல் நிறைய ஆக்சிஜன் இருப்பவர் மூச்சை நிறுத்தினாலும் சாச்சுரேஷன் உடனே இறங்காது, நூறிலேயே நின்று கண்ணாமூச்சி ஆடும். கேப்னோகிராஃபின் அலை மட்டும் அந்த மூச்சிலேயே படுத்துவிடும். கருவி இல்லாத இடத்தில் உங்கள் கைதான் கருவி. ஒரு கையைத் தாடையில் வைத்து, உள்ளங்கையில் மூச்சின் சூடு படுகிறதா என்று உணருங்கள். சட்டையைத் திறந்து விடுங்கள், போர்வைக்கு அடியில் நெஞ்சு ஏறுவது தெரியாது.

மருந்துகள்

எல்லா மருந்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் இரண்டைக் கைவசமாக்குங்கள். கணக்கை 60 கிலோ பெரியவருக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கெட்டமின். நம் சூழலுக்கு மிகவும் உகந்த மருந்து. வலியையும் போக்கும், மயக்கமும் தரும், மூச்சை ஓரளவு விட்டுவைக்கும், பி.பி.-யை இறக்காது. கிலோவுக்கு 1 மி.கி., ஒன்றிரண்டு நிமிடத்தில் மெதுவாக. இங்கே கிடைக்கும் வயல்களில் பலவும் மி.லி.-க்கு 50 மி.கி. கொண்டவை, 10 மி.கி. கொண்டதும் உண்டு. லேபிளைப் படித்த பிறகு 2 மி.லி. (100 மி.கி.) எடுத்து, 8 மி.லி. சலைன் சேருங்கள். இப்போது மி.லி.-க்கு 10 மி.கி. அறுபது கிலோவுக்கு 6 மி.லி. சிரிஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். வேகமாகத் தள்ளினால் மூச்சு சற்று நேரம் நின்றுவிடும். ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும், பத்து முதல் இருபது நிமிடம் நிற்கும்.

கெட்டமின் போட்டவர் கண்ணைத் திறந்தபடியே இருப்பார், கருவிழி ஆடும். உறவினர்களுக்கு முன்பே சொல்லாவிட்டால் வெளியே ஓடிப்போய் அழுவார்கள். விழிக்கும்போது சிலர் பயந்து பிதற்றுவார்கள். சுற்றிலும் சத்தம் குறைவாக இருந்தால், தூங்கும் முன் நல்லதாக எதையாவது நினைக்கச் சொன்னால் அது குறையும். அதற்கும் மசியாவிட்டால் 1 அல்லது 2 மி.கி. மிடசோலம். வாந்திக்கு ஆன்டன்செட்ரான் 4 மி.கி. மனச்சிதைவு நோய் உள்ளவருக்குக் கெட்டமின் வேண்டாம். இன்னொரு குறை: அது தசையைத் தளர்த்தாது, சில சமயம் விறைப்பாக்கும். கட்டுமஸ்தான ஆளின் தோளுக்கு அது இடைஞ்சல்.

அங்கே புரோப்போஃபால் நன்றாக இருக்கும். பால் போல வெள்ளை, மி.லி.-க்கு 10 மி.கி. தசை துணிபோலத் தளரும், பத்து நிமிடத்துக்குள் விழித்துவிடுவார்கள். கிலோவுக்கு அரை முதல் 1 மி.கி. வரை. அறுபது கிலோவுக்கு முதலில் 3 மி.லி., பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் 2 மி.லி. வீதம். வயதானவர்களுக்கு இதில் பாதி, காத்திருக்கும் நேரம் இரட்டை. அவர்கள் ரத்த ஓட்டம் மெதுவானது, மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். புரோப்போஃபால் வலி மருந்து இல்லை, எனவே வலிக்கானதை முன்பே கொடுத்திருக்க வேண்டும். பி.பி. இறங்கும், மூச்சு நிற்கும். 2009 ஜூன் 25-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான். தூக்கத்துக்காக வீட்டுப் படுக்கையறையில், முறையான கண்காணிப்பு எதுவும் இல்லாமல் கொடுத்திருந்தார்கள். மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்? தலைமாட்டில் ஆள் இல்லை.

இரண்டையும் கிலோவுக்கு அரை மி.கி. வீதம் சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பழகிய சீனியரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மிடசோலமும் ஃபென்டனிலும். பல கேஷுவல்டிகளில் இதுதான் கைக்கு முதலில் வரும், என் கபடிக்காரருக்குப் போட்டதும் இதுதான். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்காத ஜோடி. நம் வேலை இரண்டு நிமிடம், மருந்தின் வேலை அதற்குப் பிறகும் நெடுநேரம். வேறு வழியில்லை என்றால் ஃபென்டனில் 50 மைக்ரோகிராம், பிறகு மிடசோலம் 1 மி.கி. வீதம், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக மூன்று நிமிடம். கத்தினாலும் மூன்று நிமிடம்தான். மிடசோலமும் மி.லி.-க்கு 1 மி.கி., 5 மி.கி. என இரண்டு விதமாக வருகிறது. இந்தக் குழப்பத்தால் நேர்ந்த விபத்துகளைப் பார்த்துவிட்டு, பிரிட்டனில் 2008-இலேயே நோயாளி பாதுகாப்பு முகமை நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்பியது. ஃபென்டனிலை முறிக்கும் நாலக்சோனும் மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனிலும் எடுத்து வைத்திருங்கள். ஆனால் அவற்றின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். எழுந்தவர் மறுபடி மயங்கக்கூடும், கூடுதலாக இரண்டு மணி நேரமாவது வைத்துப் பாருங்கள்.

மயக்கத்தின்போது

கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? தோளைத் தட்டினால்? கிள்ளினால் மட்டுமா? இந்தப் படிக்கட்டில் எங்கே இருக்கிறார் என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். தட்டிக் கூப்பிட்டால் முனகுகிற நிலை பெரும்பாலான தோள்களுக்குப் போதும். முகம் சுளித்தாலே அடுத்த டோஸ் என்று போகாதீர்கள். இழுப்பவரிடம் “ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பலம் போட்டு இழுப்பதற்குத்தான் நிறைய மருந்து தேவைப்படும். தோளை உள்ளே போடக் கோக்கர் என்ற டாக்டர் 1870-இல் எழுதிய முறையில்கூட முரட்டு இழுப்பு கிடையாது, மெதுவாகத் திருப்புவதுதான்.

பி.பி., நாடி, மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன் இவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சிஸ்டர் எழுதட்டும். மருந்து போட்ட நேரமும் அதே தாளில்.

குறட்டை கேட்டால் அது நல்ல தூக்கம் இல்லை. நாக்கு பின்னால் விழுந்து பாதி அடைத்திருக்கிறது. தாடையின் இரு கோணங்களிலும் விரல் வைத்து முன்னால் தூக்குங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகும். மூச்சு நின்றால் வரிசை இதுதான்: மருந்தையும் இழுப்பையும் நிறுத்து, தாடையைத் தூக்கு, ஆக்சிஜனை ஏற்று, பேர் சொல்லித் தட்டு, ஏர்வே போடு, ஆம்பு பேக்கால் மெதுவாகக் காற்று கொடு. டியூப் போடத் துடிக்காதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு ஆம்பு பேக்கே போதும். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி, டிராலியின் தலைப்பக்கத்தை இறக்கி, சக்‌ஷன்.

கெட்டமினில் அபூர்வமாகக் குரல்வளை இறுகிக்கொள்ளும். நெஞ்சு இழுக்கும், காற்று போகாது, கீச்சென்ற ஒலி அல்லது ஒலியே இல்லை. காது மடலுக்குப் பின்னால், தாடை எலும்புக்கும் காதுக்குப் பின்னுள்ள புடைப்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதில் விரலை அழுத்தி ஊன்றி, அப்படியே தாடையை முன்னால் தள்ளுங்கள். மாஸ்க்கை இறுக்கி வைத்து அழுத்தத்துடன் ஆக்சிஜன். விடவில்லை என்றால் கொஞ்சம் புரோப்போஃபால், அதற்கும் விடாவிட்டால் தசையை முழுதாகத் தளர்த்தும் சக்சினைல்கோலின். அதற்குள் மயக்க மருத்துவர் வந்திருக்க வேண்டும், அதாவது முதல் கீச்சிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தை இப்போதே உங்கள் காதுக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். அழுத்தினால் நன்றாக வலிக்கும்.

‘டொக்’கிய பிறகு

எல்லோரும் கலையும் நேரம் இது. நீங்கள் நகராதீர்கள். அடுத்த பத்து நிமிடம் உங்கள் கண் நெஞ்சில், கை தாடையில். ஆக்சிஜனை அவிழ்க்க வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். வலி போன இடத்தில் உங்கள் குரல்தான் இனி அவருக்குத் தூண்டல்.

கையைத் தொட்டிலில் கட்டியதும் “எக்ஸ்ரேக்கு அனுப்பிடலாம்” என்று ஒரு குரல் வரும். அனுப்பாதீர்கள். நீளமான தாழ்வாரம், மங்கலான அறை, ஈயக் கதவுக்குப் பின்னால் டெக்னீஷியன், கூட ஒரு தம்பி முறை உறவினர். மூச்சு நிற்பதற்கு மருத்துவமனையில் இதைவிட மோசமான இடம் கிடையாது. பேர், ஊர், கிழமை தடுமாறாமல் சொல்லட்டும், பிறகு போகலாம். நரம்பையும் நாடியையும் மறுபடி பார்த்து எழுதுவதும் அப்போதுதான்.

சில மூட்டுகளைத் தொடாமலே தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று முறை நிதானமாக முயன்றும் வராதது ஒன்று. நாள்பட்டது இன்னொன்று. புத்தூர் கட்டு போட்டு, எண்ணெய் தடவி, மூன்று வாரம் கழித்து வருபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தோளை மயக்கத்தில் பலமாக இழுத்தால் எலும்பு முறியலாம், ரத்தக்குழாய் கிழியலாம்.

மீந்த கெட்டமினையும் ஃபென்டனிலையும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இரண்டும் கணக்குக் காட்ட வேண்டிய மருந்துகள். எவ்வளவு போட்டது, எவ்வளவு கொட்டியது என்று சாட்சியோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன்: பழைய தெளிவு திரும்பிவிட்டதா, தண்ணீர் குடித்தால் வயிற்றில் நிற்கிறதா, தள்ளாடாமல் நடக்கிறாரா, கூட இருக்கப் பெரியவர் ஒருவர் உண்டா? 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, மெஷினில் வேலை செய்யக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. இதை நோயாளியிடம் சொன்னால் பலமாகத் தலையாட்டுவார். நம்பாதீர்கள். மிடசோலம் போட்டவர் நன்றாகப் பேசுவார், பேசியது எதுவும் மனதில் நிற்காது. கூட வந்தவரிடம் சொல்லுங்கள், தமிழில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுங்கள். பைக் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அரைமணி நேரமாக இதையெல்லாம் விளக்கி முடித்த பிறகு ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “எல்லாம் சரி டாக்டர், ஊசி எப்பப் போடுவீங்க?”